கிரேட்டுக்குக் கீழே போகும் காற்று

சாயப்பட்டறை ஒன்றின் பாய்லரில், கிரேட்டுக்கு, அதாவது நிலக்கரி எரியும் கம்பித் தட்டுக்கு, அடியில் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் டாம்பர் என்ற தகட்டுக் கதவு ஓர் அளவுக்கு மேல் திறக்காதபடி ஒரு போல்ட் வைத்து நிறுத்தச் சொன்னவன் நான். புகை அடங்கி, கரிச் செலவு குறைந்து, எனக்கு வரவேண்டிய பணமும் வந்துசேர்ந்த பிறகும், அந்த போல்ட் சரியா என்ற எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. அதை மாட்டிய அன்று, அடுப்பைக் கவனிக்கும் மூத்த ஃபயர்மேன் கேட்ட ஒரு கேள்வியும், அதற்கு யோசிக்காமல் நான் சொன்ன பதிலும் அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. பதில் தவறு என்று இன்றைக்கும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் இடையில் ஏதோ விடுபட்டுப் போயிற்று.

மணிக்கு மூன்று டன் நீராவி தரும் பாய்லர், சதுர செ.மீ.க்கு 10.54 கிலோ அழுத்தத்துக்கு வடிவமைத்தது. நீர்க்குழாய்களைத் தகட்டால் இணைத்த மெம்ப்ரேன் சுவர் கொண்ட அடுப்பு, அசையாத கிரேட், கையால் கரி போடும் முறை, கீழே காற்றை ஊதும் எஃப்.டி. ஃபேன், மேலே புகையை இழுக்கும் ஐ.டி. ஃபேன். இந்த வட்டாரத்தில் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் வர்ணிக்கத் தேவையில்லை. முதல் நாள் புகைவாயுவை அளந்தபோது ஆக்சிஜன் 13 சதவீதத்தில் நின்றது. கணக்குப்படி அது தேவைக்கு மேல் 160 சதவீதம் கூடுதல் காற்று. அவ்வளவு காற்று போயும், ஒவ்வொரு முறை கரி போட்ட பிறகும் கார்பன் மோனாக்சைடு ஆயிரக்கணக்கான பி.பி.எம். (பத்து லட்சத்தில் பங்கு) ஏறியது, சிம்னியில் கரும்புகை கக்கியது. காற்று மிகுந்தும் போதாமலும் இருக்கும் நிலை ஒரே அடுப்பில், ஒரே நிமிடத்தில் இருக்க முடியும் என்பதை முதலாளிக்கு விளக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது.

அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் என் முடிவு முழுவதும் அதன் மேல்தான் நின்றது. தூத்துக்குடி வழியாக வரும் இந்தோனேசியக் கரியில் ஆவியாகும் பொருள் அதிகம். சூடு பட்டதும் அது வாயுவாகக் கிளம்பி, கிரேட்டின் மேல் பரப்பிய கரிப் படுகைக்கு மேலே எரிகிறது. அந்த வாயுவுக்குக் காற்று மேலேதான் வேண்டும். கீழிருந்து எவ்வளவு ஊதினாலும், படுகை ஒழுங்காக இருந்தால், அந்த ஆக்சிஜன் மேலே வந்துசேராது. 1916-இல் அமெரிக்கச் சுரங்கப் பணியகத்தைச் சேர்ந்த ஹென்றி கிரைசிங்கரும் அவருடைய சகாக்களும் கையால் கரி போடும் அடுப்புகளில் அளந்து காட்டியது இதுதான்: கிரேட்டிலிருந்து சுமார் நான்கு அங்குல உயரத்துக்குள் ஆக்சிஜன் ஏறக்குறைய தீர்ந்துவிடுகிறது, அதற்கு மேலே சிவந்திருக்கும் கரியின் ஊடாகப் போகும் கார்பன் டை ஆக்சைடு மறுபடி மோனாக்சைடாக மாறுகிறது. கீழ்க்காற்றைக் கூட்டினால் கரி வேகமாக எரியும், முழுமையாக எரியாது. ஒரு கிலோ கார்பன் முற்ற எரிந்தால் 8,000 கிலோகலோரிக்கு மேல் கிடைக்கும். மோனாக்சைடாக நின்றுவிட்டால் கிடைப்பது சுமார் 2,400 மட்டுமே. மீதி சிம்னி வழியாகப் போகிறது.

அப்படியானால் அந்த 13 சதவீத ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது? படுகையில் விழுந்த ஓட்டைகளின் வழியாக. அடுப்புக் கதவைத் திறந்து பார்த்தபோது, பின் மூலையில் கண் கூசும் வெள்ளைப் புள்ளிகள் இரண்டு தெரிந்தன. பக்கத்தில் போனால் காற்று சீறும் சத்தமும் கேட்டது. அங்கே கரி எரிந்து தீர்ந்து கிரேட் கம்பி வெளியே தெரிந்தது, எஃப்.டி. ஃபேனின் காற்றில் பெரும்பகுதி தடையில்லாத அந்த வழியில் ஏறிக்கொண்டிருந்தது. முன்பக்கம் கரி குவிந்து கறுத்துக் கிடந்தது. கிரேட்டின் ஓரத்தில் செங்கல் உதிர்ந்த சந்துகள் வேறு.

சரிசெய்தவை எளியவை. ஓரச் சந்துகளை, சூடு தாங்கும் ஃபயர் கிளே மண் வைத்து அடைத்தோம். ஒரே மூச்சில் இருபது சட்டி கொட்டுவதை விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக, இடதும் வலதுமாக மாற்றிப் போடச் சொன்னோம். ஒரு பக்கம் புதுக்கரி வாயு விடும்போது மறுபக்கம் எரியும் தணல் அதைப் பற்றவைக்கும். தனியாக ஒரு சிறு புளோயர் வைத்து, படுகைக்கு ஒன்றரை அடி மேலே காற்றைப் பீய்ச்சும் நாசில்களைப் பொருத்தினோம். அழுத்தப் பாகத்தில் கைவைத்தால் கொதிகலன் இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும் என்பதால் மெம்ப்ரேன் சுவரைத் தொடாமல், முன்சுவரின் செங்கல் கட்டு வழியாகவே அவற்றைக் கொண்டுபோனோம். நாசில் காற்றைத் திறந்த அன்று, நுனி கறுத்துச் சிவந்து நீண்டு கிடந்த சுடர் குட்டையாகி மஞ்சளாகப் பளிச்சிட்டதைப் பார்த்து அங்கிருந்த எல்லோருக்குமே மகிழ்ச்சி. ஃபயர்மேன் அண்ணா வெளியே போய் சிம்னியை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து, "இப்பத்தானுங்க சார் அடுப்பு மூச்சு விடுது" என்றார்.

மேலே காற்று கொடுத்தால் கீழே குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் மொத்தக் காற்று கூடி, அடுப்பு குளிர்ந்து, செய்த வேலையே வீணாகும். கிரேட்டுக்கு அடியிலுள்ள அழுத்தத்தை நீர்மட்ட அளவில் 25 மி.மீ. அளவுக்கு இறக்கியபோது ஆக்சிஜன் எட்டு சதவீதத்துக்கு வந்தது. கூடுதல் காற்று 60 சதவீதத்தை ஒட்டி நின்றது. கையால் கரி போடும் கிரேட்டுக்கு அது நல்ல நிலை. பகலில் அப்படியே இருந்தது. இரவு ஷிப்டில், துணிக்குச் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மிஷின்கள் ஒரே நேரத்தில் சூடேற்றத் தொடங்கும்போது நீராவிப் பிரஷர் இறங்கும். உடனே யாராவது டாம்பரை முழுவதும் திறந்துவிடுவார்கள். காலையில் போய்ப் பார்த்தால் புகை போகும் ஸ்மோக் டியூப்களில் பறந்து வந்த அரைவேக்காட்டுக் கரித்தூள் படிந்திருக்கும், படுகையில் மறுபடி ஓட்டைகள். சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. அதனால்தான் போல்ட்.

அன்று நடந்த பேச்சு அதிகம் இல்லை. வெல்டர் டாம்பர் வளைவுத் தகட்டில் துளை போட்டு போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். அண்ணா பக்கத்தில் வந்து நின்று, "கீழ்க்காத்து கொறைஞ்சா கம்பி தாங்குங்களா?" என்று கேட்டார். காற்றை நிறுத்தவில்லை, அளவாகத்தான் விட்டிருக்கிறோம் என்றேன். தலையாட்டினார். பிறகு, "ராத்திரி வேற கரி வந்துச்சுன்னா யாருகிட்டங்க கேக்கறது?" என்றார். "கரி மாறாதுங்ணா, மொதலாளிகிட்டப் பேசியாச்சு" என்று சொல்லிவிட்டு நான் புகைவாயுவை அளக்கும் அனலைசர் பெட்டியை மூடினேன்.

அந்தப் பதிலுக்கு எனக்கு நியாயம் இருந்தது. ஒரே வகைக் கரியை வாங்குவதாக முதலாளி ஒப்புக்கொண்டிருந்தார். அளந்து வைத்த நிலையை இரவுக்கு இரவு மாற்றினால், நாசில் காற்றுக்கும் கீழ்க்காற்றுக்கும் இடையே எட்டிய சமநிலை ஒருபோதும் நிலைக்காது. காற்றைக் கண்ணால் பார்த்து வைப்பவர்கள் எல்லோருமே தேவைக்கு அதிகமாகத்தான் வைக்கிறார்கள் என்பதையும் பல பாய்லர்களில் கண்டிருக்கிறேன். புகையும் பிரஷரும் கண்ணுக்குத் தெரியும், சிம்னியில் போகும் சூடு தெரியாது.

ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வியும் இரண்டாவதும் ஒன்றே என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கிரேட் கம்பியைக் காப்பவை இரண்டு: கீழிருந்து அதன் இடுக்குகள் வழியாக ஏறும் காற்று, அதன் மேல் தங்கும் சாம்பல். அண்ணா தொழில் கற்றது தெலங்கானாவின் சிங்கரேணிச் சுரங்கக் கரியில். அதில் சாம்பல் ஏராளம். தீயைச் சுத்தம் செய்யும்போது கம்பி மேல் இரண்டு விரல்கடை சாம்பலை விட்டுத்தான் வாரியை இழுக்க வேண்டும் என்று இளம் ஆட்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பதை நானே கேட்டிருக்கிறேன். இந்தோனேசியக் கரியில் சில லாட்டுகளில் சாம்பல் ஐந்து சதவீதம்கூட இருக்காது. இருப்பதும் பொடியாக இடுக்கில் உதிர்ந்துவிடும். சாம்பல் போர்வை இல்லாத கம்பிக்குக் காற்று ஒன்றே காவல். அந்தக் காற்றுக்குத்தான் நான் உச்சவரம்பு போட்டேன். கரி மாறினால் என்று அவர் கேட்டது விலையையோ புகையையோ பற்றி அல்ல என்று இப்போது தோன்றுகிறது. அல்லது நடந்ததைப் பார்த்த பிறகு அவர் கேள்விக்கு நான் ஏற்றிக்கொள்ளும் பொருளாகவும் இருக்கலாம்.

சில மாதங்கள் கழித்து நடு வரிசைக் கம்பிகள் வளைந்துவிட்டதாக அழைப்பு வந்தது. போய்ப் பார்த்தேன். வார்ப்பிரும்பு சிவக்கச் சூடேறி ஆறிச் சூடேறினால் எப்படிப் பருத்துத் தொய்யுமோ அப்படியே இருந்தது. இடுக்குகள் மூடிப்போய், உருகி இறுகிய சாம்பல் கட்டியான கிளிங்கர் பிடித்து, பிரித்தெடுக்கக் கடப்பாரை தேவைப்பட்டது. இடையில் கரி மாறியிருந்தது. விலை குறைந்த, ஈரம் மிகுந்த, சாம்பல் மிகக் குறைந்த லாட். அதே சமயம் சாம்பல் குழியைச் சரியாக வாராமல், விழுந்த தணல் கம்பியைத் தொடும் உயரத்துக்குக் குவிந்திருந்ததையும் கண்டேன். அப்படிக் குவிந்தால் கம்பி இரு பக்கமும் வேகும், எந்தக் கிரேட்டும் தாங்காது. மூன்றாவதாக, டாம்பரைத் திறக்க முடியாததால் இரவு ஆட்கள் பிரஷருக்காகப் படுகையைத் தடிமனாக்கியிருந்தார்கள். தடித்த படுகையில் கிளிங்கர் கட்டும். கிளிங்கர் கட்டிய இடத்தில் காற்று ஏறாது. காற்று ஏறாத இடத்தில் கம்பி வேகும். இந்த மூன்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. முதலாளியிடம் குழியையும் கரியையும் சொன்னேன், இரண்டும் உண்மை. தடித்த படுகைக்கும் போல்ட்டுக்கும் உள்ள தொடர்பையும் சொன்னேன், குரலைத் தாழ்த்தி.

என்னை அலைக்கழிப்பது கம்பி வளைந்தது அல்ல. கம்பி தேயும் பொருள், மாற்றிக்கொள்ளலாம். அந்த போல்ட் நான் வைத்தபடியே இருந்தது. ஒரு ஸ்பேனர் போதும், இரண்டு நிமிட வேலை. கரி மாறியதும் கம்பி சிவப்பதை சாம்பல் குழியில் விழும் வெளிச்சத்தை வைத்தே அறியக்கூடியவர் அண்ணா. குழியில் வெளிச்சம் சீராக இருக்கிறதா, எங்கே இருண்டிருக்கிறது என்று குனிந்து பார்க்காமல் அவர் ஷிப்ட் தொடங்குவதில்லை. ஏன் கழற்றவில்லை என்று கேட்டேன். "நீங்க அளந்து வெச்சதுங்க சார். நாங்க எப்படிக் கழட்டறது?" என்றார். குறை சொல்லும் தொனியே இல்லை. கம்பியைத் திருப்பிக் காட்டி, நடுவில் மட்டும்தான் இப்படி, ஓரம் நன்றாக இருக்கிறது என்று எனக்கு ஆறுதலாகவே சொன்னார்.

யாரும் தொடக்கூடாது என்று முதலாளி முன்னிலையில் சொன்னது நான்தான். இரவு ஷிப்டை மனத்தில் வைத்துச் சொன்னேன். அது அண்ணாவையும் கட்டிவிட்டது. அளவுக்காக வாதாடுகிறவன் நான். அந்த அடுப்பில் சேமித்த கரியும் அடங்கிய புகையும் அளந்ததால் வந்தவை. அனுபவம் மட்டுமே போதுமென்றால் அவர் பல ஆண்டுகள் பார்த்த அடுப்பு 13 சதவீதத்தில் நின்றிருக்காது. அதை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது. ஆனால் நான் அளந்தது வாயுவை, அழுத்தத்தை, சிம்னிச் சூட்டை. கம்பியின் சூட்டை அந்த இடத்தில் அளந்துகொண்டிருந்த ஒரே கருவி அவருடைய கண். அதை நான் முறையில் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் இரவு ஆட்களும் தங்கள் கண்ணைச் சொல்லி டாம்பரைத் திறந்திருப்பார்கள் என்ற எண்ணமும் கூடவே வருகிறது.

புதுக் கம்பிகளில் நடு வரிசைக்குக் குரோமியம் கலந்த வார்ப்பு போட்டோம். போல்ட்டுக்கு இரண்டாவது துளை போட்டு, சாம்பல் குறைந்த கரி வரும் நாட்களில் அதில் மாற்றிக்கொள்ளலாம் என்று அண்ணாவிடமே விட்டேன். அந்தத் துளையில் ஆக்சிஜன் பத்தை ஒட்டி வருகிறது. கரி கொஞ்சம் கூடுகிறது என்கிறார் முதலாளி; போல்ட் பழைய துளைக்குத் திரும்புவதே இல்லை என்றும் சொல்கிறார். எல்லா லாட்டும் சாம்பல் குறைந்ததாக வருகிறதா, அல்லது கம்பி வளைந்ததைப் பார்த்த பயத்தில் அண்ணா அப்படியே வைத்திருக்கிறாரா என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் நடு வரிசைக் கம்பியின் அடியில் சூட்டை அளக்கும் ஒரு தெர்மோகப்பிள் பொருத்தலாம் என்று இருக்கிறேன். அந்த அளவு கையில் கிடைத்தால் போல்ட்டை எடுத்துவிடச் சொல்வேனா, பழைய துளைக்கே மாற்றச் சொல்வேனா என்பதை இப்போதே சொல்ல முடியவில்லை.