பீடித் தட்டிலிருந்து கல்லூரிக்கு: ஒரு நன்கொடைக் கூட்டத்தின் நாட்குறிப்பு

ஜூன் 8, ஞாயிறு
வேலூர் சத்துவாச்சாரியில் குழு கூடினோம். வீட்டிலேயே பீடி சுற்றும் அம்மாக்களின் பெண்கள் 11 பேருக்கு நர்சிங், பாலிடெக்னிக் முதலாண்டுக் கட்டணம் திரட்ட வேண்டும். "கல்விக்கு உதவுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் ஐந்நூறோடு நகர்ந்துவிடுவார்கள். "ஒரு பெண்ணுக்கு ஒரு வருடம்" என்று கேட்டால்தான் மனதுக்குள் கணக்குப் போடுவார்கள். தேதி ஜூலை 5. 10ஆம் தேதி வேண்டாம் என்றேன். 1806 சிப்பாய்ப் புரட்சி நினைவு நாள் அது. முக்கியமானவர்கள் பலரும் மக்கான் நினைவுத்தூணுக்குப் போய்விடுவார்கள்.

ஜூன் 14, சனி
பட்டிமன்றப் பேச்சாளரை அழைத்தால் அரங்கு நிறையும் என்றார் பொருளாளர் அண்ணன். நிறையும்தான். ஆனால் சிரித்து, கைதட்டி, டிபன் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கொடுக்க வைப்பது விஷயத்தை வாழ்ந்து பார்த்தவரின் பேச்சுதான். நீண்ட விவாதத்துக்குப் பிறகு இருவர் முடிவானது: ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ஒருவர், குடியாத்தத்தில் பீடி சுற்றும் அம்மா ஒருவர். ஆளுக்குப் பத்து நிமிடம். பொன்னாடை கிடையாது, அதில்தான் எல்லாக் கூட்டத்திலும் அரை மணி போகிறது.

ஜூன் 22, ஞாயிறு
குடியாத்தம் போனேன். அந்த அம்மா திண்ணையில் மடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தார். ஈரத்துணியில் சுற்றிய இலையை எடுத்து, தகட்டை வைத்து வெட்டி, தூளைப் பரப்பிச் சுருட்டி, நுனியை மடக்கி நூல் கட்டுகிறார். பேசும்போதும் கை நிற்கவில்லை. "மேடையில இன்னா பேசத் தெரியும் எனக்கு?" என்றார். "இப்போ என்கிட்ட சொன்னதையே சொல்லுங்கம்மா, போதும்" என்றேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "பொண்ணுங்கள மேடையில நிறுத்தி, பாவம்னு காட்டக் கூடாது." அப்படியே ஒத்துக்கொண்டேன். படம், பெயர் எதுவும் வேண்டாம். பணம் கொடுப்பவர் முன்னால் ஒரு பதினேழு வயதுப் பெண் ஏன் தலைகுனிய வேண்டும்?

ஜூன் 29, ஞாயிறு
ரசீது வேலை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வருமானவரி விலக்கு கிடைக்காது. புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அந்த விலக்கே கிடையாது. இரண்டையும் அழைப்பிதழிலேயே போட்டுவிட்டோம். துபாயிலிருந்து அனுப்ப விரும்புகிறவர் இந்தியக் குடிமகனாக இருந்து, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் தருவது வெளிநாட்டு நன்கொடை; அதை நாங்கள் வாங்க முடியாது.

ஜூலை 5, சனி
நர்ஸ் அக்கா ஷெல் ஆஸ்பத்திரியின் கதையைச் சொன்னார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கட்டர் 1899இல் அமெரிக்காவில் நிதி திரட்டப் புறப்பட்டார். ஷெல் என்ற வங்கியாளர் இறந்துபோன மனைவியின் நினைவாக ஒரேயடியாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார். 1902இல் வேலூரில் ஆஸ்பத்திரி எழுந்தது. தினம் பஸ்ஸில் கடந்து போகிற கட்டிடம் என்பதால் அரங்கம் நிமிர்ந்து கேட்டது.

அப்புறம் குடியாத்தம் அம்மா. மூத்த மகள் லேப் டெக்னீஷியன் ஆகி முதல் சம்பளம் வாங்கிய அன்றும் அவர் பீடிதான் சுற்றிக்கொண்டிருந்தாராம். "சின்னவ இந்த முறத்தத் தொடக் கூடாது" என்றதோடு மைக்கைக் கொடுத்துவிட்டார். நன்றியுரை, ஆண்டறிக்கை எல்லாவற்றையும் தள்ளிவைத்து, எவ்வளவு தருவோம் என்று எழுதித் தரும் உறுதிச்சீட்டுகளை அந்த நிமிடமே வரிசையாக அனுப்பினோம். அதுவே சரியான நேரம். டிபனுக்குப் பிறகு கேட்டிருந்தால் பாதிதான் வந்திருக்கும்.

ஜூலை 6, ஞாயிறு
9 பெண்களுக்கு முழுக் கட்டணம் உறுதியாகிவிட்டது. பணம் கல்லூரிக் கணக்குக்கே நேராகப் போகும். மீதி இரண்டு பேருக்காகக் காட்பாடி வியாபாரிகளைச் செவ்வாய்க்கிழமை பார்க்கிறோம். நர்ஸ் அக்காவும் வருகிறேன் என்றிருக்கிறார்.