ஐந்து நாள் சொட்டு மருந்து

திங்கட்கிழமை காலை அலாரம் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. வலது காதைத் தலையணையில் புதைத்துப் படுத்திருந்தேன். மனைவி உலுக்கி எழுப்பிய பிறகுதான் தெரிந்தது, இடது காதில் ஒன்றுமில்லை. குக்கர் விசிலுக்கு முன் ஆவி கிளம்புமே, அந்த இரைச்சல் மட்டும்.

புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் "சளி அடைத்திருக்கும்" என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை வரை விட்டேன். அன்று தேக்கா சந்தையில் இடப்பக்கம் நின்று மனைவி மூன்று முறை மீன் விலை சொல்லியிருக்கிறாள். நான் பாட்டுக்கு நகர்ந்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நேரே மருத்துவமனை, மீன் பையோடு.

காது டாக்டர் சின்ன வயது, தமிழ்ப் பெண். தட்டினால் ரீங்கரிக்கும் இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். "அங்கிள், எந்தப் பக்கம் கேக்குது?" வலது. "சளி அடைச்சிருந்தா கேக்காத காதுலதான் சத்தமா இருக்கும். நல்ல காதுல கேட்டா நரம்புக் கோளாறு." அரை நிமிடம்கூட ஆகவில்லை. அதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமில் 70 டெசிபெல் இழப்பு. வழக்கமாக பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரைதான் தருவார்களாம். எனக்கு இனிப்புநீர், விழுங்கும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும். அதனால் செவிப்பறை வழியாக நடுக்காதில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, நான்கு முறை. ஊசி வலிக்கவில்லை. மருந்து உள்ளே இறங்கியதும் அறை ஒரு சுற்று சுற்றியது. பிறகு அரை மணி நேரம் காதை மேலே வைத்துப் படுக்க வேண்டும். எச்சில் விழுங்கினால் மருந்து தொண்டைக்கு வடிந்துவிடும், பேசவும் கூடாது. அந்த அரை மணி நேரம் என் வீட்டில் யாருக்கோ நிம்மதி.

இரவுகளில் புது மருந்துகளைத் தேடினேன். உள்காதின் செல்களை மீண்டும் வளர்க்கும் என்ற எஃப்எக்ஸ்-322, 2023-இல் சோதனையில் மருந்தில்லாத வெற்று ஊசியைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. மாத்திரையாக வந்த சென்ஸ்-401, 2022-இல் இலக்கைத் தொடவில்லை. 2017-இல் தவறிய ஏஎம்-111 தான் என்னைக் குத்தியது: காது போன 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய மருந்து அது. ஜெயித்திருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்காது. அந்த மூன்று நாளும் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டரிடம் கேட்டேன். "திடீர்னு இப்படிக் காது போறதுக்குன்னே அமெரிக்காவுல அனுமதி வாங்கின மருந்து ஒண்ணுகூட இல்ல அங்கிள்." ஸ்டீராய்டையாவது கூட்டலாமே என்றேன். அதையும் ஜெர்மனியில் சோதித்துவிட்டார்களாம். அளவைக் கூட்டியும் பலன் கூடவில்லை.

கடைசி ஆடியோகிராமில் இழப்பு 40 டெசிபெல். போனை இடது காதில் வைத்தால் பேசுவது யார் என்று தெரிகிறது, பேச்சு பாதிதான் புரிகிறது. இரைச்சல் போகவில்லை. சந்தையில் மனைவி இப்போது வலப்பக்கம் நடக்கிறாள்.

போன வாரம் இரண்டு ஆடியோகிராமையும் நகலெடுத்துக் கீழே கிளினிக்கில் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.