தாயும் சேயும் நலம்

"உனக்கென்னம்மா, ஆறு பேர் உள்ளங்கையில வச்சுத் தாங்குறாங்க" என்று நான்தான் சொன்னேன். பிரசவமாகி 14ஆம் நாள், காசிமேட்டு வீட்டில். "ஆமா சிஸ்டர், எனக்கு ஒரு வேலையும் இல்ல. பால் குடுக்கறது மட்டும்தான்" என்றாள். பெருமையாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். குழந்தையின் எடை பார்த்தேன். தையல் ஆறியிருந்தது. பதிவேட்டில் 'தாயும் சேயும் நலம்' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அந்த 'மட்டும்தான்' இப்போதுதான் காதில் விழுகிறது. குளிப்பாட்டுவது மாமியார், தூளி ஆட்டுவது நாத்தனார், சாம்பிராணி போடுவது பக்கத்து வீட்டு ஆயா. பசித்தால் மட்டும் பிள்ளை அவளிடம் வந்து போகும்.

கேட்டிருக்கலாம்தான். பிள்ளை பெற்றவளுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க 1987இல் எடின்பரோவில் உருவாக்கிய 10 கேள்விகள் இருக்கின்றன, கடந்த 7 நாள் மனநிலை பற்றி. பத்தாவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. ஒற்றை அறை வீட்டில், மாமியார் எதிரே உட்கார்ந்து பூண்டு உரிக்கும்போது அதை எப்படிக் கேட்பது? முதல் இரண்டு வாரம் அழுகை வரும், பெரும்பாலும் தானே போய்விடும், அதைத் தாண்டியும் நீடித்தால்தான் கவனிக்க வேண்டும் என்பார்கள். நான் போனது சரியாக அந்த எல்லையில். இப்படி எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் ஏழாம் மாதத்திலேயே தூக்கம் வரவில்லை என்றாள். "இடது பக்கம் ஒருக்களிச்சுப் படும்மா" என்று அனுப்பிவிட்டேன். மனச்சோர்வு கர்ப்பத்திலேயே தொடங்கலாம் என்பது எனக்குத் தெரியாததல்ல.

ஐந்தாவது வாரம் போன் வந்தது. புருஷன் கடலுக்குப் போயிருந்தான். பேசியது மாமியார். "பொண்ணு பத்து நாளா தலை வாரல சிஸ்டரு. பால் குடுக்க சொல்லோ கூட செவுத்தையே பாத்துனு கீது."

பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போனோம். தைராய்டு, ரத்தசோகை எல்லாம் பார்த்தார்கள். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம் என்று ஒரு மாத்திரை எழுதினார்கள். வெளியே பெஞ்சில் பேரனை மடியில் போட்டுக்கொண்டு மாமியார் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தெருவில் கேட்டவர்களிடம் "ரத்தம் ஊற மாத்திரை" என்றுதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. அப்புறம், சொல்லாமல் விட்டது நான்தானே என்றும் தோன்றியது.

அத்தனை பேர் சூழ்ந்திருந்ததுதான் அவளை அமுக்கியது என்று கொஞ்ச நாள் நினைத்தேன். சரி, அந்தக் கூட்டம் இல்லாமல் எங்கோ தனியாக வாடகை வீட்டில் இருந்திருந்தால், தலை வாரவில்லை என்று எனக்கு யார் போன் செய்திருப்பார்கள்?

போன வாரம் ரேஷன் கடை வரிசையில் பார்த்தேன். பிள்ளை இடுப்பில். சிரித்தாள். "தூக்கம் வருதாமா?" என்று கேட்க வாயெடுத்தேன். பின்னால் நாலு பேர் நின்றிருந்தார்கள். பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.