உள்ளூர் ஊழியர் ஒருவர்

பதினாறு வருடமாக ஒரு மிஷனரி இதழின் அலுவலகத்தில் பணித்தள அறிக்கைகளைத் திருத்தும் வேலை பார்க்கிறேன். மாதக் கடைசியில் பல தேசங்களிலிருந்து அறிக்கைகள் வந்து சேரும். எல்லாவற்றுக்கும் படிவம் ஒன்றுதான்: சந்தித்த கிராமங்கள், நடத்திய கூட்டங்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள், புதிய சபைகள், ஜெபக் குறிப்புகள். எட்டுப் பக்கம் வந்தால் அதை முக்கால் பக்கத்துக்குள் அடக்கிக் கொடுக்க வேண்டும்.

அப்படிச் சுருக்கிச் சுருக்கி எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. முதலில் பெயர்களை எடுத்துவிடுவேன். மிஷனரியின் பெயர் மட்டும் நிற்கும், ஏனென்றால் வாசகர்கள் அவருக்காக ஜெபிக்கிறார்கள், காணிக்கை அனுப்புகிறார்கள். அவருக்கு மொழி சொல்லிக்கொடுத்தவர், மலை ஏறி அவரோடு நடந்தவர், கூட்டம் நடத்தத் தன் வீட்டைத் திறந்துவிட்டவர் எல்லோரும் என் கையில் 'உள்ளூர் ஊழியர் ஒருவர்' ஆகிவிடுவார்கள். இதில் தப்பு இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் வேதாகம மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் ஒரு சகோதரியிடமிருந்து கடிதம் வந்தது. கோபமான கடிதம் இல்லை. "லூக்கா சுவிசேஷத்தை நான் முடித்தேன் என்று போட்டிருக்கிறீர்கள். என்னோடு ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் இன்று உயிரோடு இல்லை" என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு சம்பவமும் இருந்தது. 'மன்னிப்பு' என்பதற்கு அந்த மொழியில் சொல் கிடைக்காமல் பதினொரு மாதம் தடுமாறியிருக்கிறார்கள். மறந்துவிடுதல் என்று போட்டுப் பார்த்தார்கள், கோபம் ஆறுதல் என்று போட்டுப் பார்த்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் குழுவிலிருந்த முதியவர் ஒருவர், கட்டிவைத்த மிருகத்தின் கயிற்றை அவிழ்த்து விடுவதற்கு அவர்கள் சொல்லும் சொல்லைச் சொன்னார். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் மன்னிப்பதற்கு வரும் சொல்லுக்கும் விட்டுவிடுதல் என்ற பொருள்தான் அடிப்படை. அவருக்குக் கிரேக்கம் தெரியாது. இறந்துபோன இருவரில் அவரும் ஒருவர்.

அந்தக் கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். அப்புறம் மிஷனரி வரலாற்றை நான் வேறு கண்ணோடு வாசிக்கத் தொடங்கினேன்.

கொரியாவை எடுத்துக்கொள்வோம். 1885-ஆம் ஆண்டு ஈஸ்டர் நாளில் அமெரிக்க மிஷனரிகளான அண்டர்வுட்டும் அப்பன்செல்லரும் அங்கே கரை இறங்கியதைத்தான் எல்லோரும் தொடக்கமாகச் சொல்வார்கள். ஆனால் அதற்கு முன்பே, வெளிநாட்டவருக்குக் கொரியா அடைபட்டிருந்த காலத்தில், எல்லைக்கு அப்பால் மஞ்சூரியாவில் ஜான் ராஸ் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி கொரிய வியாபாரிகளை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். 1882-இல் லூக்கா அச்சானது, 1887-இல் புதிய ஏற்பாடு முழுவதும் வந்தது. அந்த வியாபாரிகளில் ஸோ சங்ரியுன் என்பவர் நோயில் விழுந்து, மிஷனரிகளின் பராமரிப்பில் பிழைத்தவர். அச்சான புத்தகங்களை அவர் ஊருக்குள் கொண்டுபோனார். சோரே என்ற கிராமத்தில் ஒரு கூட்டம் சேர்ந்தது. மிஷனரிகள் வந்தபோது ஞானஸ்நானத்துக்காக ஆட்கள் காத்திருந்தார்கள். 1887-இல் அண்டர்வுட் சியோலில் ஆரம்பித்த சபையின் முதல் 14 அங்கத்தினரில் பெரும்பாலோர் ஸோவின் உழைப்பால் வந்தவர்கள். என் மேசைக்கு அந்த அறிக்கை வந்திருந்தால், அவரையும் உள்ளூர் ஊழியர் ஒருவர் என்றுதான் எழுதியிருப்பேன்.

மடகாஸ்கர் இன்னும் கனமானது. 1818-இல் இரண்டு மிஷனரி குடும்பங்கள் போய் இறங்கின. சில மாதங்களுக்குள் காய்ச்சலில் எல்லோரும் இறந்து, டேவிட் ஜோன்ஸ் ஒருவர் மட்டும் மிஞ்சினார். அவர் விட்டுவிடவில்லை. பள்ளிகள் வந்தன, அச்சகம் வந்தது. 1835-இல் மலகாசி மொழியில் முழு வேதாகமமும் அச்சாகி முடிந்தது. அதே வருடம் ராணி ரனவலோனா கிறிஸ்தவத்தைத் தடை செய்தார். அடுத்த வருடம் கடைசி மிஷனரிகளும் வெளியேறினார்கள். 1837-இல் ரசலாமா என்ற பெண் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். கையில் இருந்த வேதாகமங்களை மண்ணில் புதைத்தும் குகையில் ஒளித்தும் காப்பாற்றினார்கள். ராணி 1861-இல் இறந்த பிறகு மிஷனரிகள் திரும்பி வந்து பார்த்தால், விட்டுப்போனதைவிடப் பல மடங்கு விசுவாசிகள். எத்தியோப்பியாவின் வொலாய்த்தாவிலும் இதே கதைதான். இத்தாலிய ஆக்கிரமிப்பின்போது 1937-இல் மிஷனரிகள் வெளியேற்றப்பட்டார்கள். அன்று ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்கள் 48 பேர். திரும்பி வந்த மிஷனரிகள், விசுவாசிகள் சுமார் 10,000 பேர் இருப்பதாக எழுதினார்கள்.

இடையில் இருந்த அந்த வருடங்களுக்கு எந்தப் படிவமும் யாருக்கும் போகவில்லை. அனுப்ப மிஷனரி இல்லை. சபை வளர்ந்தது அப்போதுதான்.

சாமுவேல் அஜாயி கிரவுத்தரை நினைத்தால் இன்றும் மனது வலிக்கிறது. சிறுவனாக அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டு மீட்கப்பட்டவர், மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மொழி வேதாகமத்துக்காக உழைத்தவர், 1864-இல் பிஷப் ஆனவர். கடைசிக் காலத்தில் இளம் ஐரோப்பிய மிஷனரிகள் சிலர் வந்து, அவருடைய ஆப்பிரிக்க ஊழியர்களைத் தகுதியற்றவர்கள் என்று விலக்கினார்கள். அடுத்த வருடமே, 1891-இல், அவர் காலமானார். 1910-இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது வந்திருந்த சுமார் 1,200 பேரில் ஏறக்குறைய எல்லோரும் ஐரோப்பியரும் வட அமெரிக்கருமே. அங்கே எழுந்து பேசிய நம் தமிழ்நாட்டு ஊழியர் வே. ச. அசரியா, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. அன்று உலகக் கிறிஸ்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஐரோப்பாவில் இருந்தார்கள். நூறு வருடத்தில் அது நான்கில் ஒரு பங்காகிவிட்டது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவோ நூற்றில் ஒன்றிலிருந்து கிட்டத்தட்ட நான்கில் ஒன்றுக்கு வந்துவிட்டது. அந்த மண்ணின் மக்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லாமல் இது நடந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாப் பெயர்களையும் அச்சிட முடியாது என்பதும் உண்மை. சில தேசங்களில் பெயர் வெளியே வந்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே பெயரை மறைப்பது என் கடமை. இடம் போதவில்லை என்று வெட்டியது வேறு.

அந்தச் சகோதரியிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். குழுவினரின் சம்மதத்தோடு, அடுத்த இதழில் ஒரு கூட்ட அறிவிப்பை எடுத்துவிட்டு ஐந்து பெயர்களையும் போட்டோம். படிவத்தில் 'உடன் உழைத்தவர்கள்' என்று ஒரு பகுதியும் சேர்த்தோம். அதனால் வேலை கூடியது. எழுத்துப்பிழை வராமல் பார்க்க வேண்டும், சம்மதம் கேட்க வேண்டும். சில நேரம் ஒரு பெயருக்காக மூன்று கடிதங்கள் போகும்.

போன மாதம் அதே பணித்தளத்திலிருந்து அறிக்கை வந்தது. ரூத்தின் புத்தகத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த முறை எழுதியது அந்தச் சகோதரி இல்லை. கயிற்றை அவிழ்க்கும் சொல்லைத் தந்த முதியவரின் மகள் எழுதியிருந்தார். 'உடன் உழைத்தவர்கள்' பகுதியில், மூன்றாவது பெயராக, மிஷனரியின் பெயர் இருந்தது.