அத்தை போனில் வந்த சான்றிதழ் எச்சரிக்கை

கல்லிடைக்குறிச்சி அத்தை ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கூப்பிட்டார்கள். "எய்யா, கரண்ட் பில் ஆப் ஏறவே மாட்டேங்கு. பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லைன்னு வருது."

பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போனேன். திரை ஓரத்தில் அப்பள மாவு ஒட்டியிருந்த போனை வாங்கி முதலில் தேதியைப் பார்த்தேன். 2015 ஜனவரி 1! சார்ஜ் சுத்தமாக இறங்கி இரண்டு வாரம் அலமாரியில் கிடந்ததாம். சான்றிதழ் என்பது, இது அசல் தளம்தான் என்று போனுக்குக் காட்டும் அடையாளச் சீட்டு மாதிரி. ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாள், முடிவு நாள் உண்டு. போன் 2015இல் நின்றால், இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. அமைப்புகளில் தானியங்கி தேதி, நேரத்தைப் போட்டேன். ஆப் ஏறிவிட்டது.

மாமா போன் வேறு கதை. ஆண்ட்ராய்டு 6. தேதி சரிதான், ஆனாலும் சில தளங்களில் எச்சரிக்கை. தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தரும் அமைப்பு லெட்ஸ் என்கிரிப்ட். அது தரும் சான்றிதழ்களுக்கெல்லாம் அடிப்படையான மூலச் சான்றிதழ், 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டுகள் நம்பும் பட்டியலில் கிடையாது. பணம் கட்ட அந்தப் போன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம்தான் தெரிந்தது, அத்தை மூன்று தரம் 'பரவாயில்லை, தொடர்' என்பதை அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். எனக்குப் பகீரென்றது. பணம் போகும் இடத்தில் அதை மட்டும் தொடவே கூடாது அத்தை என்றேன். காலண்டர் தாளைக் கிழித்து, "முதல்ல தேதி பாரு" என்று எழுதி பிரிட்ஜில் ஒட்டிக்கொண்டார்கள்.