ஹமில்டன் வானத்தில் பழைய பொம்பர்கள்

மே 17

பின்வளவில் புல் வெட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. மெஷினை நிற்பாட்டிவிட்டு அண்ணாந்து பார்த்தால், மேப்பிள் மரத்துக்கு மேலால் லங்காஸ்டர், அந்தக் காலத்துக் குண்டுவீச்சு விமானம். இந்த வருடத்தில் முதல் தடவை. நாலு மெர்லின் எஞ்சின், ஒவ்வொன்றிலும் 12 சிலிண்டர், 48-உம் ஒன்றாக உறுமும்போது காதைவிட நெஞ்சுக்குத்தான் முதலில் கேட்கும்.

நாங்கள் இருப்பது கனடாவில், ஹமில்டனின் மேல்பக்கம், ஊர்க்காரர் மௌன்டன் என்று சொல்கிற பகுதி. மவுண்ட் ஹோப் விமான நிலையம் கிட்ட. இரவில் சரக்கு ஜெட்டுகள் தூங்க விடாது. ஆனால் கோடையில் அதற்கு ஈடாக, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கனடியப் போர் விமான மியூசியத்தின் கிழட்டு விமானங்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டிய லங்காஸ்டர்கள் 7,377. இன்றைக்குப் பறக்கிற நிலையில் இருப்பவை இரண்டு. ஒன்று இங்கிலாந்தில், மற்றது எங்கள் கூரைக்கு மேல்.

அடையாளம் பிடிப்பது சுலபம். வாலில் இரண்டு முட்டை வடிவத் தகடு நிமிர்ந்து நிற்கும், எஞ்சின் நாலு, மூக்கிலும் முதுகிலும் வாலிலும் கண்ணாடிக் கூண்டு, பக்கத்தில் VR-A என்று எழுதியிருக்கும்... சரி, தமிழில் வி-ஆர்-ஏ. வால் இரட்டையாக இருந்து எஞ்சின் இரண்டே என்றால் அது பி-25 மிட்செல்.

மே 25

ஹார்வர்ட். மஞ்சள் நிறப் பயிற்சி விமானம். சத்தம் பொல்லாதது, வெளியே வந்து பார்க்கத் தேவையே இல்லை, ப்ரொப்பெல்லரின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்குவதால் வருகிற கிறீச்சல் அது. போர்க் காலத்தில் இந்த மவுண்ட் ஹோப்பே பயிற்சித் தளம்தான். கனடா முழுக்க இப்படியான தளங்களில் 1,30,000 பேருக்கு மேல் விமானப் பணிக்குப் பழகி வெளியேறினார்கள்.

ஜூன் 12

இன்று எதுவும் பறக்கவில்லை, மழை. ஆனால் தேதிக்காக எழுதுகிறேன். 1944-இல் இதே இரவில்தான் அன்ட்ரூ மைனார்ஸ்கி பிரான்சில் செத்தார். வினிபெக் பெடியன், கனடிய விமானப்படையின் 419-ஆவது ஸ்குவாட்ரன். அவர் போன லங்காஸ்டர் எரிகிறது, எல்லாரும் குதிக்கச் சொல்லி உத்தரவு. வால் கூண்டுக்குள் பற் புரோஃபி சிக்கிக்கொண்டார். மைனார்ஸ்கி நெருப்புக்குள்ளால் தவழ்ந்து போய்க் கூண்டை உடைக்கப் பார்த்தார், முடியவில்லை. புரோஃபி போகச் சொல்லிக் கையைக் காட்ட, உடுப்பும் பாராசூட்டும் எரிய எரிய ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். குதித்தவர் இறந்தார், விமானத்தோடு விழுந்த புரோஃபி உயிர் தப்பினார். அந்த சல்யூட் கதையை வெளியில் சொன்னதே புரோஃபிதான், வேறு யாரும் பார்த்திருக்க முடியாது.

எங்கள் லங்காஸ்டரில் இருக்கிற வி-ஆர்-ஏ, மைனார்ஸ்கியின் விமானத்தின் எழுத்துகள். விமானம் அதுவல்ல. இது 1945-இல் கட்டியது, போருக்குப் போகவே இல்லை. போர் முடிந்த பிறகு அட்லாண்டிக் கரையோரம் ரோந்து பார்த்தது, பிறகு கொட்ரிச் என்ற சின்ன ஊரில் தூண்களின் மேல் வருடக்கணக்காக நின்றது. 1979-இல் ஷினூக் ஹெலி ஒன்று அதைத் தொங்கவிட்டபடி இங்கே கொண்டுவந்தது. திரும்பப் பறக்க 1988 ஆகிவிட்டது.

ஜூலை 6

வேலையிடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு வெளியே இருந்தோம். முகிலுக்கு மேலால் ஏதோ போனது. தலையைத் தூக்காமலே "இரட்டை எஞ்சின், மிட்செல்" என்றேன். முகில் விலகினதும் மிட்செல்தான். பக்கத்தில் இருந்தவர் இதெல்லாம் எங்கே பழகினாய் என்று கேட்டார். யூரியூப்பில் என்று சொல்லிவிட்டேன்.

பழகியது 1990-இல், யாழ்ப்பாணத்தில், அரசின் விமானப்படை குண்டு போட்ட நாட்களில். எங்கள் ஒழுங்கையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது தெரியும். சியாமாசெட்டி என்ற சின்ன விமானம் என்றால் குத்திக்கொண்டு வந்து போடும், எந்தப் பக்கம் குத்துகிறது என்று பார்த்து மறுபக்கம் ஓடலாம். ஹெலி என்றால் மதில் ஓரம். அவ்ரோ வேறு சாதி. உயரத்தில் ஆறுதலாகச் சுற்றும், கதவால் பீப்பாக்குண்டை உருட்டி விடுவார்கள், எங்கே விழும் என்று உருட்டுகிறவனுக்கே தெரியாது, அதனால் அந்தச் சத்தம் கேட்டால் நின்று பார்க்கிற வேலை இல்லை, நேரே பங்கர். அந்த விமானம் பயணிகளுக்கென்று செய்தது. குண்டு வைக்க அதில் இடமே கிடையாது, அதுதான் பீப்பாயும் கதவும்.

லங்காஸ்டரைச் செய்ததும் அதே அவ்ரோ கம்பனிதான். இது தெரிந்த அன்று எனக்குக் கொஞ்ச நேரம் ஒரு மாதிரியாக இருந்தது. மான்செஸ்டர் கம்பனி, ரோய் சாட்விக் வரைந்தது. கனடாவில் 430 லங்காஸ்டர் கட்டினார்கள், மோல்ரனில், 1943 ஆகஸ்டில் முதலாவது வெளியே வந்தது. மோல்ரன் என்றால் இன்றைய பியர்சன் விமான நிலையத்தடி. நாங்கள் எல்லாரும் பெட்டியோடும் கோப்போடும் வந்து இறங்கின இடம்.

அம்மாவுக்கு லங்காஸ்டர் சத்தம் பிடிக்காது. வந்தால் குசினிக்குள் போய் எக்ஸோஸ்ட் ஃபேனைப் போட்டுவிடுவார். நான் அவரைக் கூப்பிடுவதில்லை, அவர் என்னைத் தடுப்பதும் இல்லை.

ஜூலை 27

இன்று இரண்டு முறை போனது, தாழ்வாக. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் கை காட்டினார்கள், நானும் காட்டினேன்.

1943-இல் இதே இரவில்தான் ஹம்பர்க் எரிந்தது. லங்காஸ்டர்களும் மற்ற பொம்பர்களும் நூற்றுக்கணக்கில் போய்ப் போட்டதில் தெருவெல்லாம் நெருப்புப் புயல். அந்த ஒரு வாரத் தாக்குதலில் 30,000-க்கும் மேற்பட்ட சனம். மறுபக்கம் பார்த்தால், பிரிட்டனின் பொம்பர் படையில் செத்தவர்கள் 55,573 பேர், அதில் ஏறத்தாழ 10,000 பேர் கனடியர், பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள். விமான ரசிகர்கள் இரண்டாவது கணக்கை மனப்பாடமாகச் சொல்வார்கள், முதலாவதைக் கேட்டால் "அது போர்" என்பார்கள். ஹிட்லரின் நாசிகளை நிறுத்தத்தான் வேண்டியிருந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கீழே பங்கருக்குள் இருந்த பிள்ளைக்கு மேலே போகிறவனின் நியாயம் தெரியாது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் நான் அண்ணாந்து பார்க்கிறேன். ஏன் பிறகும் பார்க்கிறாய் என்று மனைவி கேட்டாள். சத்தம் நல்லாயிருக்கு என்றேன். அதுவும் உண்மைதான்.

ஆகஸ்ட் 9

மகனோடு மியூசியம். 1993 பெப்ரவரியில் இங்கே ஒரு விமானக் கொட்டகை எரிந்து ஐந்து விமானங்கள் போயின, லங்காஸ்டரைக் காப்பாற்றிவிட்டார்கள். அதற்குக் கீழே நின்று பார்த்தால் குண்டு அறை 10 மீற்றர் நீளம், நடுவில் தடுப்பே இல்லை. மகன் அதற்குள் எங்கள் வான் வண்டி அடங்குமா என்று அளந்துகொண்டிருந்தான்.

நான் பார்க்கப் போனது கன்சோவை. கட்டலினா கடல் விமானத்துக்குக் கனடாக்காரர் வைத்த பெயர். 1942 ஏப்ரல் 4, கனடாவின் 413-ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சல் கொக்கலவிலிருந்து ஒரு கட்டலினாவை எடுத்துக்கொண்டு தெற்கே போனார், இலங்கைக்கு வந்து இரண்டே நாள். மாலையில் அடிவானத்தில் புள்ளிகள். கிட்டப் போனால் ஜப்பான் கப்பற்படை. செய்தி அனுப்பி முடிய முன் சுட்டு வீழ்த்தினார்கள். ஒன்பது பேரில் மூன்று பேர் இறந்தார்கள், மிச்சப் பேரைச் சிறைபிடித்தார்கள். அடுத்த நாள் ஈஸ்டர் ஞாயிறு கொழும்பில் குண்டு, 9-ஆம் தேதி திருகோணமலையில், அன்றே மட்டக்களப்புக்கு வெளியே ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. ஆனாலும் கப்பற்படை வருகிறது என்று கொழும்பை முன்கூட்டியே எச்சரித்தது பேர்ச்சலின் செய்தி.

இலங்கையில் நான் படித்த சரித்திரப் புத்தகத்தில் இவர் பேரைப் பார்த்த ஞாபகம் இல்லை. இங்கே வந்து, ஒரு பலகையில் வாசித்துத்தான் தெரியும். மகன் "அப்ப அவர் எங்கட ஊரைக் காப்பாற்றினவரா" என்று கேட்டான். ஓம் என்று சொல்லிவிட்டு மிச்சத்தைக் காரில் விளங்கப்படுத்தினேன், ஹைவே முடியும் வரைக்கும்.

செப்டம்பர் 7

எதிர்பாராத நாள். பின்னேரம் டகோட்டா ஒன்று போனது, இரண்டு ரேடியல் எஞ்சின், சாந்தமான சத்தம். நான் கமராவோடு வெளியே ஓட, அம்மா எனக்கு முன்னாலேயே டெக்கில் நிற்கிறார், கையை நெற்றியில் வைத்துக்கொண்டு.

"உது எயார் சிலோன் பிளேன் எல்லே."

விமானம் இராணுவ நிறத்தில் இருந்தது, ஆனால் உடம்பு அதேதான். 1947 டிசம்பரில் எயார் சிலோன் தொடங்கினதே டகோட்டாவோடு, 'சீதா தேவி' என்று பேர், இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை போய் அங்கிருந்து மெட்ராஸ். அம்மாவின் சின்ன வயதில் பலாலியில் டகோட்டா இறங்குகிற நேரம் பார்த்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிறவர்கள் வேலையை நிறுத்துவார்களாம். தாத்தா ஒருமுறை ஏறிக் கொழும்புக்குப் போனவர், வெள்ளை வேட்டி, கையில் பனங்கட்டிக் குட்டான், போய் இறங்கினதும் வந்த தந்தியை அம்மம்மா வருடக்கணக்காகப் பெட்டிக்குள் வைத்திருந்தார். இவ்வளவு காலமும் இதில் ஒரு சொல்லுக்கூட எனக்குச் சொன்னதில்லை.

"காசு கட்டினால் ஏத்துவாங்களோ?" என்று கேட்டார்.

ஏற்றுவார்கள், மியூசியத்தில் அங்கத்தவராகச் சேரவேண்டும். நாளைக்குப் போன் எடுத்து, வயதானவர்களை ஏற்ற என்ன ஒழுங்கு என்று விசாரிக்க வேணும். டகோட்டா வால் நிலத்தில் இருக்கிற விமானம், உள்ளே இருக்கைக்குப் போவதே ஏற்றம் ஏறுவதுதான், அம்மாவின் முழங்கால் அதற்குச் சம்மதிக்குமா தெரியவில்லை. அவர் இப்பவே எந்தச் சப்பாத்து என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.