இழுப்பறைக் கத்திகளும் சட்டைப்பைக் கத்தியும்

மடக்குக் கத்திகளைச் சேர்க்கத் தொடங்கிய காலத்தில், எத்தனை கருவிகள் உள்ளன என்று எண்ணிப் பார்த்தே ஒவ்வொன்றையும் வாங்கினேன். அப்படி வாங்கிய தடித்த கத்திகளுள் பெரும்பாலானவை இன்று இழுப்பறையில்தான் கிடக்கின்றன. நாள்தோறும் என் சட்டைப்பையில் இருப்பதோ விக்டோரினாக்ஸ் என்னும் சுவிஸ் நிறுவனத்தின், 91 மில்லிமீட்டர் நீளமுள்ள எளிய கத்தி.

சுவிட்சர்லாந்தின் இபாக் என்னும் ஊரில் 1884ஆம் ஆண்டு பட்டறை தொடங்கிய, இந்நிறுவனத்தைத் தோற்றுவித்த கார்ல் எல்சனர், 1891இல் அந்நாட்டுப் படைவீரர்களுக்குக் கத்தி செய்து கொடுத்தார். அது உறுதியாக இருந்தாலும் கனமாக இருந்ததால், 1897இல் இலகுவான அதிகாரிகள் கத்தியை உருவாக்கிப் பதிவு செய்தார். முன்புறக் கருவிகளையும் முதுகுப்புறக் கருவிகளையும் ஒரே ஸ்பிரிங் தாங்கும்படி அமைத்ததால், இரண்டே ஸ்பிரிங்குகளைக் கொண்டு ஆறு கருவிகளை அடக்க முடிந்தது. கத்தியைத் திறக்கும்போது எழும் அந்தத் தெளிவான ‘டக்’ ஒலியும் இந்த ஸ்பிரிங்கின் வேலைதான். (அந்த ஒலிக்காகவே சும்மா திறந்து மூடுபவன் நான்.)

பெயிண்ட் டப்பாவின் மூடியை அலகின் நுனியால் நெம்பி, அந்த நுனியை ஒருமுறை முறித்துக்கொண்டேன். அதே கத்தியில் இருந்த தட்டைத் திருப்புளியை மறந்தது என் பிழையே. இவ்வகைக் கத்திகள் பலவற்றில் அலகைப் பூட்டும் அமைப்பு இல்லை என்பதால், குத்தித் துளையிட முயன்றால் அலகு விரலின்மேல் மடங்கிவிடும்.

அமெரிக்கரான டிம் லெதர்மேன் 1983இல் விற்பனைக்குக் கொண்டுவந்த, குறடு ஒன்றை மையமாகக் கொண்ட பல்கருவி, கம்பியை முறுக்கவும் இறுகிய மரையைத் திருப்பவும் இதைவிட மேலானது. ஆனால் அதன் கனம் சட்டைப்பைக்கு ஒத்துவராது.

மூட்டுகள் இறுகினால் வெதுவெதுப்பான நீரில் திறந்து மூடிக் கழுவி, நன்றாக உலர்த்தியபின் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறேன்.